கூப்பிடாமல் போன படை

விளையாட்டுதானே, இதற்குப் போய் ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. விளையாட்டு என்றால் எப்படி வேண்டுமானாலும் நடந்துகொள்ளலாமா? கேரம் போர்டில் காயை ஒளித்து வைப்பவன் ரேஷன் கடையில் வரிசையையும் தாண்டுவான். அந்தப் பதினாறு நாட்களைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் என் குரல் ஏறிவிடுகிறது. ஏறட்டும், எனக்கென்ன.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. திருவொற்றியூரில் வீடு, எண்ணூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை. பெட்டி எண், சீல் எண், கப்பல் பெயர், கட்-ஆஃப் நேரம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் கிளார்க் நான். கட்-ஆஃப் என்பது அந்தக் கப்பலுக்காகத் துறைமுகத்தின் கேட் மூடப்படும் நேரம். அதைத் தாண்டி வரும் பெட்டியை எந்தச் சாமி வந்து சொன்னாலும் ஏற்ற மாட்டார்கள். எங்கள் சாலையில் டிரெய்லர்கள் நகராமல் நின்றால் டிரைவர்கள் வண்டிக்கு அடியிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். அதனால் வண்டி எப்போது கிளம்புகிறது என்று யார்டில் யாரும் கேட்பதில்லை. எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். இந்த எண்ணிக்கைதான் என்னை அந்த விளையாட்டில் பெரிய ஆளாக்கியது.

விளையாட்டு இதுதான். இன்டர்நெட்டில் ஒரு வரைபடம். ஆயிரக்கணக்கான பேருக்கு ஆளுக்கொரு கிராமம். மரம், களிமண், இரும்பு, கோதுமை சேர்த்துக் கட்டடம் கட்டி, வீரர்களைத் திரட்டி, புதுக் கிராமங்கள் பிடிக்க வேண்டும். வீரர்கள் கோதுமை தின்பார்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் படை போக நிஜமாகவே மணிக்கணக்கில் ஆகும். நாம் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போனாலும் படை நடந்துகொண்டே இருக்கும். தனியாக இருப்பவனை விழுங்கிவிடுவார்கள் என்பதால் எல்லோரும் ஏதாவது ஒரு கூட்டணியில் ஒட்டிக்கொள்வோம். முகம் கிடையாது, குரல் கிடையாது, புனைபெயரும் எழுத்தும் மட்டும்தான். நான் மீசை வைத்த ராஜா மாதிரி ஒரு பெயரை வைத்துக்கொண்டேன். அதனால் எல்லோருக்கும் நான் "மச்சி", "ப்ரோ". அது எனக்கு வசதியாகவே இருந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும், சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிரவுசிங் சென்டரிலும் ஆடுவேன். எட்டு மாதத்தில் பதினோரு கிராமங்கள் சேர்ந்தன. என் பக்கத்து மேசைக்காரனும் அதே கூட்டணியில் இருந்தான். காத்திவாக்கத்துப் பையன், என் வயதுதான், டிரெய்லர்களுக்கு டோக்கன் எழுதும் வேலை. அவனிடம் நான்கு கிராமங்கள். "இன்னாமே, நேத்து எத்தினி ஊர கொளுத்துன?" என்றுதான் காலையில் உள்ளே நுழைவான்.

எங்கள் கூட்டணித் தலைவர் அமெரிக்காவில் இருப்பதாகச் சொல்லிக்கொள்வார். யாருக்குத் தெரியும், அமிஞ்சிக்கரையாகவும் இருக்கலாம். நான் சேர்ந்த புதிதில் கூட்டணியின் பொது அரங்கில், வீட்டில் பேசுகிற மாதிரியே, "வடக்கால ஒருத்தன் படை சேத்துக்கினு கீறான், உஷார்" என்று எழுதிவிட்டேன். அதற்குத் தலைவர், "இது என்ன ரிக்‌ஷா ஸ்டாண்டா? டீசன்ட்டாக எழுதவும்" என்றார். இருபது பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அன்றிலிருந்து நான் கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிய தமிழில் எழுதினேன். எழுதும்போதெல்லாம் கொஞ்சம் எரிந்தது. வடக்கே நிஜமாகவே ஒருவன் படை சேர்த்துத்தான் இருந்தான் என்பதும், நான் சொன்ன மூன்றாம் நாள் வந்து அடித்தான் என்பதும் வேறு விஷயம்.

நேரக் கணக்கில் நான் தப்பு செய்வதில்லை என்பதால் தலைவர் என்னைத் தூதராக்கினார். அப்போது எங்களுக்கு ஒரு பெரிய எதிர்க் கூட்டணி இருந்தது. அவர்கள் பக்கமும் ஒரு தூதர். எந்தக் கிராமத்தை யார் தொடக் கூடாது, எத்தனை நாள் சண்டை நிறுத்தம் என்று நாங்கள் இருவரும் தனிச் செய்தியில் பேசி முடிப்போம். அந்த ஆள் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அதனால் 'அவர்' என்றே சொல்கிறேன். சொன்ன வார்த்தையை மாற்றாதவர். எங்கள் பக்கம் தப்பு நடந்தால் முகத்துக்கு நேரே கேட்பார், அவர்கள் பக்கம் நடந்தால் தானே முந்தி ஒத்துக்கொள்வார். நான்கு மாதம் அவரோடு சண்டை போட்டேன். என் கூட்டணியில் இருந்த எவனையும் நான் அவ்வளவு நம்பியதில்லை.

ஒரு வியாழக்கிழமை மதியம் அவரிடமிருந்து செய்தி வந்தது. "நாளை பேச வர முடியாது. அப்பா தவறிவிட்டார். ஊருக்குப் போகிறேன், அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. பதினாறு நாள் கழித்து வருவேன். இதை எங்கள் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றைக்கே என் கிராமங்களைப் பங்கு போட்டுவிடுவார்கள். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்."

சொந்தக்காரனை விட்டுவிட்டுப் பகையாளியிடம் சொன்ன மனுஷர். நான் என்ன செய்தேன் தெரியுமா?

அதைச் சொல்வதற்கு முன்னால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் எதிர்வீட்டுக்கார அம்மாவுக்கும் தண்ணி லாரி வரிசையில் குடம் உருண்ட சண்டை. ஐந்து வருடம் பேச்சுவார்த்தை கிடையாது. ஒருத்தி கோலம் போட்டால் மற்றவள் உள்ளே போய்விடுவாள். அந்த அம்மாவின் புருஷன் செத்த அன்று காலை என் அம்மா பெரிய குண்டானில் சோறு வடித்து, ரசம் வைத்து, தலையில் தூக்கிக்கொண்டு நேராக அந்த வீட்டுக்குள் போனாள். "சாவு வூட்ல அடுப்பு எரியாதுடி. பக்கத்துல கீறவதான் போவணும். நல்லதுக்குக் கூப்டா போவணும், கெட்டதுக்குக் கூப்டாமயே போவணும்" என்றாள். பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் தினமும் போனாள். பதினேழாம் நாளிலிருந்து இரண்டு பேரும் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எங்கள் கூட்டணி அரங்கில் ஒரே பரபரப்பு. எதிர்த் தூதரின் கிராமங்களில் பெரியதான தலைநகரை உளவு பார்த்தவர்கள், களஞ்சியம் நிரம்பி வழிகிறது, ஆள் நடமாட்டமில்லை என்று எழுதியிருந்தார்கள். அடிக்கலாமா, அல்லது இது ஏதாவது பொறியா என்று விவாதம். நான் அவசரமாக ஒரு வரி எழுதினேன். "பொறி இல்லை. அது சாவு வீடு. அவருடைய அப்பா இறந்துவிட்டார். பதினாறு நாள் யாரும் கை வைக்க வேண்டாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் ஓங்கிய கை இறங்கிவிடும், ஓடுகிற டேப் ரெக்கார்டர் நின்றுவிடும். சாவு வீடு என்று சொன்ன பிறகும் ஒருவன் யோசிப்பான் என்பதே எனக்குத் தெரியாது. இருபத்திமூன்று வயதில் அவ்வளவு முட்டாளாக இருந்தேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "சூப்பர் தகவல் ப்ரோ! பதினாறு நாள் ஆளே இல்லை" என்று ஒருவன். சிரிப்புப் பொம்மைகள். தலைவர் உடனே திட்டம் போட்டார். சனிக்கிழமை மதியம் சரியாக ஒரு மணிக்கு எல்லாப் படைகளும் ஒரே நேரத்தில் அந்தத் தலைநகரில் இறங்க வேண்டும். அதற்கான நேரப் பட்டியலை நான் தயாரிக்க வேண்டும். கீழே எனக்குத் தனியாக ஒரு வரி: "நல்ல வேலை செய்தாய்."

காட்டிக்கொடுத்தது நான். கெஞ்சி எழுதினேன். "விளையாட்டையும் வாழ்க்கையையும் போட்டுக் குழப்பாதே. அவன் பொய் சொல்லியிருந்தால்?" என்றார் தலைவர். பொய் சொல்லியிருந்தால் அந்தப் பாவம் அவருக்கு, உண்மையாக இருந்தால் இந்தப் பாவம் நமக்கு என்று எழுதினேன். நேரப் பட்டியல் எங்கே என்று கேட்டார்.

நேரப் பட்டியலை நான் போட்டேன்தான். ஆனால் எனக்காகப் போட்டேன்; அவர்களுடையதை வேறொருவன் போட்டுக்கொண்டான். யார்டில் போடுவது போலவே ஒரு மணியைக் கட்-ஆஃப் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணினேன். விளையாட்டில் அடுத்தவர் ஊருக்குச் சண்டைக்கு மட்டுமல்ல, காவலுக்கும் படை அனுப்பலாம். அப்படிப் போகிறவர்கள் போன ஊரின் கோதுமையைத்தான் தின்பார்கள். என் வீரர்களில் மெதுவாக நடப்பவர்கள் அந்தத் தலைநகருக்குப் போய்ச் சேரப் பதினெட்டு மணி நேரம் ஆகும். வேலை முடிந்ததும் ஓடினேன். பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஆறரை மணிக்கு, பதினோரு கிராமங்களிலிருந்தும் கடைசி ஆள் வரை, எட்டாயிரம் பேரை அந்த ஊருக்குக் காவலுக்கு அனுப்பினேன். மதியம் பன்னிரண்டரைக்குச் சேர்ந்துவிடுவார்கள். அரை மணி நேரம் கையில் இருந்தது.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. சாவு வீட்டுக்குப் போய் எட்டாயிரம் பேர் அந்த வீட்டுச் சோற்றையா தின்பது? அம்மா கேட்டால் விளக்குமாற்றை எடுப்பாள். என்னிடமிருந்த கோதுமை முழுவதையும் வண்டிகளில் ஏற்றி அதே ஊருக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு என் பதினோரு ஊர்களிலும் ஆளும் இல்லை, தானியமும் இல்லை.

சனிக்கிழமை மதியம் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரன் என் திரையை எட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, மெய்யாலுமே எல்லா ஆளையும் அனுப்பிட்டியா? பைத்தியமா நீ? கம்ப்யூட்டர்ல ஏதுமே சாவு வூடு?"

"செத்தது கம்ப்யூட்டர்ல இல்ல நைனா. நெசமா செத்துகீறாரு ஒருத்தரு."

"உன் ஊரு எல்லாம் பூடும்."

"போனா போவட்டும்."

அவன் டிபன் பாக்ஸை மூடினான்.

ஒரு மணிக்கு எங்கள் கூட்டணியின் படைகள் வந்து இறங்கின. காலி ஊர் என்று நினைத்து வந்தவர்கள் என் ஆட்கள் மேல் மோதிச் சிதறினார்கள். சண்டை அறிக்கையில் காவல் நின்றவரின் பெயர் வரும். என் பெயர் வந்தது. பத்தே நிமிடத்தில் என்னைக் கூட்டணியிலிருந்து தூக்கினார்கள். துரோகி என்றார்கள். எவ்வளவு வாங்கினாய் என்றார்கள். ஒருவன் என் அம்மாவைப் பற்றி எழுதினான். முகம் தெரியாத இடத்தில் மனுஷனுக்கு வாய் எப்படி நீள்கிறது என்று அன்றைக்குப் பார்த்தேன். எழுதியவர்களில் பாதிப் பேர் முந்தின வாரம் என்னிடம் கோதுமை வாங்கியவர்கள்.

அடுத்த கூத்து திங்கட்கிழமை நடந்தது. எதிர்க் கூட்டணிக்காரர்கள், அதாவது அவருடைய சொந்த ஆட்கள், அவர் இல்லை என்று தெரிந்ததும் பாதிப் பேர் எங்கள் தலைவரோடு சேர்ந்துகொண்டார்கள். நேற்றுவரை வெட்டிக்கொண்டவர்கள் இன்று அண்ணன் தம்பி. அந்த ஊருக்காக நின்றது அந்த ஊரைச் சேராத என் படை மட்டும்தான். கிராமம் கிராமமாக என்னை இடிக்க ஆரம்பித்தார்கள். நான் தினமும் மதியம் பார்ப்பேன். பத்து, ஒன்பது, ஏழு. எட்டு மாதம் செங்கல் செங்கலாகக் கட்டியது. வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். இரண்டாவது வாரம் ஒரு நாள் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். ஆனால் படையைத் திரும்பக் கூப்பிடும் பொத்தானை ஒரு தடவைகூடத் தொடவில்லை.

ஒரு மதியம் என் ஊர் ஒன்றை நோக்கிப் பக்கத்து மேசைக்காரனின் பெயரில் நாலு தாக்குதல் வந்துகொண்டிருந்தது. மூன்று அடி தள்ளி உட்கார்ந்துகொண்டு என்னை அடிக்கிறான்! அவன் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் திறந்து இறால் தொக்கை என் பக்கம் தள்ளினான்.

"உன் எறா எனக்கு வேணாம். எடுத்துக்கினு போ."

"அட துன்னுமே. நாலுலயும் ஒத்த ஆளுதான் வரான். சும்மா பேருக்கு. தலைவரு அனுப்பு அனுப்புன்னு பேஜாரு பண்றாரு, கணக்குக் காட்டணும்ல?" என்றவன் குரலை இறக்கினான். "நெசமா வரது வடக்கு ஊருக்கு. நாளைக்கி மூணு மணிக்கு. அங்க மிச்சம் மீதி கீற சாமான எல்லாம் வேற ஊருக்கு ஏத்திடு."

நான் தொக்கைத் தின்றேன். அதிலிருந்து தினமும் மதியம் டிபன் பாக்ஸோடு எதிரியின் நேரப் பட்டியலும் வந்தது. எத்தனையோ உளவாளிகளை வைத்து எங்களை வேவு பார்த்த தலைவருக்கு, ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் நடுவில் போன தகவல் கடைசிவரை தெரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் தலைவரே எழுதினார். என்னிடம் இரண்டு கிராமங்கள் மிச்சம். "பொது அரங்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படையை வாபஸ் வாங்கினால் உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம். இழந்த கிராமங்களைக் கட்டவும் உதவுகிறோம். நீ நல்ல பையன், உணர்ச்சிவசப்பட்டுவிட்டாய்." மன்னிப்பை எழுதுவதற்காக ஒரு மணி நேரம் எனக்கு அரங்கைத் திறந்து வைத்திருந்தார்கள். நானூறு பேர் படிக்கும் இடம்.

எழுதினேன். கஞ்சியும் போடவில்லை, இஸ்திரியும் பண்ணவில்லை.

"இன்னா மன்னிப்பு? இன்னாத்துக்கு? சாவு வூட்ல பூந்து நெல்லு திருட வந்தது நீங்கோ. குறுக்க நின்னது நானு. நான் பேசுறது ரிக்‌ஷா ஸ்டாண்டு கலீஜுன்னு சொன்ன இல்ல? நீ செஞ்சதுக்குப் பேருதான் கலீஜு. நான் உன் ப்ரோவும் இல்ல, பையனும் இல்ல, பொம்பள. திருவொட்டியூரு. எங்க தெருவுல பகையாளி வூட்டு சாவுக்கும் சோறு தூக்கினு போவோம். ரெண்டு ஊரு பாக்கி கீது, தில்லு இருந்தா வந்து எட்த்துக்கோ. என் ஆளு அங்கதான் நிப்பான்."

அந்த ஒரு மணி நேரமும் அரங்கில் ஒருவரும் ஒரு பொம்மைகூடப் போடவில்லை. பிறகு என்னை அங்கிருந்தும் தடை செய்தார்கள். அதற்குள் பதினோரு பேர் தலைவரின் கூட்டணியை விட்டு விலகியிருந்தார்கள் என்று மறுநாள் பக்கத்து மேசைக்காரன் சொன்னான். அந்தப் பதினோரு பேரில் ஒருவன் அவன்.

பதினேழாம் நாள் அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்கிற வரைக்கும் காத்திருக்கக் கூடாது என்று காலையிலேயே எழுதி வைத்தேன். "நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னதை நான் எங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். தப்பு என்னுடையது. உங்கள் கிராமங்களில் ஐந்து போய்விட்டன. தலைநகர் இருக்கிறது." அவ்வளவுதான். எனக்கு என்ன போயிற்று என்று எழுதவில்லை.

அன்று முழுவதும் பதில் இல்லை. மறுநாள் மதியமும் இல்லை. திட்டியாவது எழுதலாமே என்றிருந்தது. சாயங்காலம் பிரவுசிங் சென்டரில் திறந்தபோது செய்தி இருந்தது.

"சொன்னது தப்புதான். அதை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் மனசு வரவில்லை. ஆனால் ஒன்று. பத்து வருடமாக ஒரே ஆபீஸில் வேலை செய்கிறேன். அங்கிருந்து அப்பாவின் சாவுக்கு ஒருத்தரும் வரவில்லை. திரும்பி வந்து இதைத் திறந்தேன், எல்லாம் போயிருக்கும் என்றுதான். தலைநகரில் எட்டாயிரம் பேர் வந்து நின்றதாக அறிக்கை. தொள்ளாயிரம் பேர் மிச்சம் இருக்கிறார்கள். களஞ்சியத்தில் நான் வைக்காத கோதுமை. யார் அனுப்பியது என்று பார்த்தேன். சோறும் கொண்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்க மாட்டேன்."

அண்ணாச்சி பக்கத்தில் நின்றதால் முகத்தைத் துடைத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு எழுத எவ்வளவோ இருந்தது. தொள்ளாயிரம் பேரையும் தேர்ந்தெடுத்து, இந்த விளையாட்டில் நான் பதினாறு நாள் தொடாத பொத்தானை அழுத்தி, ஊருக்குத் திரும்ப அழைத்தேன். பதில் ஒரு வரிகூட எழுதவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது.